துறைமுகப் பட்டினமும் எஞ்சிய சோறும்

திருகோணமலைக்கு முதன்முறையாக வருகின்றவரை இரண்டு காட்சிகள் நின்று பார்க்கச் செய்யும். ஒன்று, குன்றுகளின் அணைப்பிலே அலையடங்கிக் கிடக்கும் உட்துறைமுகம். மற்றொன்று, பிரெட்றிக் கோட்டையிலும் அதனையடுத்த வீதிகளிலும் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்கள். காட்டிலே மனித வாடை பட்ட மாத்திரத்தில் ஓடி மறைகின்ற இனம், இங்கே மாலை வேளைகளிற் கடைவாயிலில் நின்று வருவோர் முகத்தைப் பார்க்கின்றது. மனிதர்மீது கொண்ட அன்பினால் அம்மான்கள் அங்கு நிற்கவில்லை. வீட்டு வாயில்களில் வைக்கப்படும் குப்பைப் பைகளே அவற்றை இழுக்கின்றன. பையைக் கிழித்து உள்ளிருப்பதை உண்ணும்பொழுது பையையும் சேர்த்து விழுங்கி மடிந்த மான்களும் உண்டு.

அப்பைகளுக்குள் இருப்பது யாது? பெரும்பாலும் நேற்றைய சோறு, காய்ந்த பாண், ஆறிப்போன கறி. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2021இல் வெளியிட்ட அறிக்கையொன்று, இலங்கை வீடுகளில் ஆளொருவருக்கு ஆண்டொன்றுக்கு 76 கிலோகிராம் உணவு வீணாகின்றதென மதிப்பிட்டது. தோலும் முள்ளும் கொட்டையும் சேர்ந்த கணக்கு அது. ஆயினும் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலாகின்றது.

நேயர்களே, இவ்வாறு எறிகின்றவர்கள் எல்லாரும் செருக்கினால் எறிகின்றார்கள் என்று நான் கருதவில்லை. நம் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "அன்னத்தை எறிந்தால் அன்னம் நம்மை எறியும்" என்பது போலப் பேசும் முதியவரின் குரல் ஒன்று. "பழையதைப் பிள்ளைக்குக் கொடுக்காதே, வயிறு கெடும்" என்னும் இளந்தாயின் குரல் மற்றொன்று. இரண்டும் உண்மையே. சோற்றை எறிந்த வீடு நெல் விளைவித்தவனின் உழைப்பையும் தன் பணத்தையும் எறிகின்றது. கெட்ட சோற்றை உண்ட வீடு மருத்துவமனை வாயிலில் இரவைக் கழிக்கின்றது. ஒன்றைக் கேட்டால் மற்றதை இழக்கவேண்டும் என்பதுதான் பலருடைய எண்ணம். இத்துறைமுகப் பகுதியின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் அவ்வளவு உறுதியானதன்று என்பது தெரியவரும்.

இற்றைக்கு முந்நூற்று அறுபது ஆண்டுகட்கு மேலாயிற்று. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலிலே பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புது மரம் நாட்டும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவினுள் நுழைந்தது. அதன் தலைவரும், அவர் மகனாகிய றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞனும், மாலுமிகள் சிலரும் 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை அங்கேயே இறந்தார். மகன் 1679இல் தப்பியோடி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, 1681இல் இலண்டனில் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அரசர்களைப் பற்றி அறிய விரும்புவோர் அந்நூலைப் பெரிதும் போற்றுவர். எனக்கோ அதிலுள்ள அடுக்களைச் செய்திகளே பெரியனவாகப் படுகின்றன.

காட்டு வேடர் இறைச்சியைச் சேமித்த முறையை நொக்ஸ் குறித்துள்ளார். மரப் பொந்திலே தேனை ஊற்றி, இறைச்சியை அதனுள் நிறைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவர். பஞ்ச காலத்தில் அதைத் திறந்து உண்பர். தேன் இறைச்சியின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; ஈரமின்றி நுண்ணுயிர் பெருகாது. களிமண் ஈயையும் எறும்பையும் தடுக்கும். நுண்ணுயிர் என்ற சொல்லையே கேட்டறியாத மக்கள் இதைச் செய்தனர். நாம் இன்று அதனைப் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கவனிக்கவேண்டியது ஒன்றே: வேட்டையாடிய அன்றே அவர்கள் இறைச்சியைப் பொந்திலே இட்டனர். இரண்டு நாள் தொங்கவிட்டு, நாற்றம் கிளம்பிய பின் தேனைத் தேடிப் போகவில்லை.

நொக்ஸ் கண்ட மற்றொரு வழக்கம் நமக்கு இன்னும் அண்மையானது. அந்நாட்டு மக்கள் நீர் அருந்தும்பொழுது கலத்தை உதட்டில் வைக்காது, மேலே உயர்த்தி வாயினுள் ஊற்றிக்கொண்டனர். நாம் இதனை அண்ணாந்து குடித்தல் என்போம். எஞ்சுதல் என்னும் வினையோடு உறவுடைய இரண்டு சொற்கள் தமிழில் உண்டு. எச்சம் என்பது மிகுதி. எச்சில் என்பது வாயோ உண்ட கையோ பட்டது. சட்டியில் எஞ்சிய கறிக்கும் இலையில் எஞ்சிய கறிக்கும் நம் முன்னோர் வேறுபாடு கண்டனர். அகப்பையாற் பரிமாறினர், உண்ணும் கையைச் சட்டிக்குள் இடுவோரைப் பாட்டிமார் அதட்டினர். அதனால் சட்டியிலிருந்தது மறுவேளைக்கும் உதவியது. இதே எச்சில் என்னும் சொல்லைக் கொண்டு மனிதரை மனிதர் தாழ்த்தியும் வந்தனர்; இலையில் மிஞ்சியதைத் தாம் உண்ணமாட்டாதார் பிறருக்கு இட்டு அதனை அறம் என்றும் கூறிக்கொண்டனர். அந்த இழிவை விட்டொழிக்கவேண்டும். அகப்பையை விடவேண்டியதில்லை. இன்று பல வீடுகளில் உண்ட கரண்டியே சட்டிக்குள்ளும் போகின்றது. பின்னர் அந்தச் சட்டி மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றது.

கொட்டியாரக் குடாவைத் தாண்டித் துறைமுகத்துள் வருவோம். 1795ஆம் ஆண்டு திருகோணமலை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அப்பொழுது தொடங்கி 1957இல் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்படும்வரை, பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்திலே தங்கி உண்டு வாழ்ந்தது. பாய்க்கப்பற் காலத்து மாலுமியின் உணவு உப்பிட்ட மாட்டிறைச்சியும், உப்பிட்ட பன்றியிறைச்சியும், கல்லைப்போன்ற பிசுக்கோத்தும். மாதக்கணக்காகக் கடலில் மிதப்பவனுக்கு உணவை எறிதல் தற்கொலை. கெட்டதை உண்ணுதலும் தற்கொலை. ஆகவே அவர்கள் ஒரு விதி செய்திருந்தனர். ஒரு பீப்பாய் கெட்டுவிட்டதென்ற ஐயம் எழுந்தால், அதிகாரிகள் கூடிச் சோதித்து, உணவுக்குத் தகாதென எழுதிய பின்னரே அதனை அகற்றலாம். பொருளைப் பொறுப்பேற்றிருந்த பண்டகக் காவலனுக்கு அதை எப்படியாவது தள்ளிவிடுவதில் இலாபம். பசித்த மாலுமிக்கு அதை உண்பதில் ஆவல். தீர்ப்பு அவ்விருவரிடமும் விடப்படவில்லை. வீட்டிலும் இந்த இருவர் உளர். பணம் கொடுத்து வாங்கிய குடும்பத்தலைவர் பண்டகக் காவலனைப்போலப் பேசுவார். பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மாலுமியைப்போலச் சட்டியைத் திறக்கும்.

பிரான்சு நாட்டு நிக்கொலா அப்பேர் என்பவர், கண்ணாடிக் கலங்களில் உணவை அடைத்து வெந்நீரில் இட்டுக் காக்கும் முறையைக் கண்டறிந்து, 1810இல் அந்நாட்டு அரசாங்கத்திடம் பரிசு பெற்றார். சில ஆண்டுகளுள் இங்கிலாந்தில் தகரத்தில் அடைத்த இறைச்சி கடற்படைக்கு வரத்தொடங்கியது. அது கெடாதிருந்ததன் காரணத்தைப் பாஸ்ச்சர் விளக்கியதோ அரை நூற்றாண்டு கழித்தே. இதற்கிடையில் 1852இல் போர்ட்ஸ்மவுத்துக்கு அருகேயுள்ள கொஸ்போர்ட் கடற்படைக் கிடங்கில், கோல்ட்னர் என்னும் ஒப்பந்தகாரர் அனுப்பிய தகரங்கள் 306ஐத் திறந்து சோதித்தனர். உண்ணத்தக்கனவாக இருந்தவை 42 மட்டுமே. மற்றவற்றின் நாற்றம் சோதித்தவர்களால் தாங்க முடியாததாய் இருந்தது. தகரங்களைப் பெரியனவாகச் செய்ததே இக்கேட்டுக்கு முதன்மையான காரணம் எனப் பின்னர் விளக்கினர். சிறிய தகரத்தில் வெப்பம் நடுவரை சென்றது, பெரியதில் செல்லவில்லை.

இச்செய்தியை நான் இங்கு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய தகரத்தின் நடுவே வெப்பம் நுழையாததுபோல, பெரிய சட்டியின் நடுவிலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறாது. விருந்து முடிந்து எஞ்சிய பிரியாணியை அண்டாவோடு மூடி வைக்கின்றோம். மேற்புறம் ஆறிவிடும், நடுவிலோ மணிக்கணக்காக இளஞ்சூடு நிற்கும். 5 பாகைக்கும் 60 பாகை சென்ரிகிரேட்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சூடே நுண்ணுயிர்களுக்கு மகிழ்ச்சியான காலநிலை. நம் நாட்டு அறையின் வெப்பமும் அதற்குள்ளேயே அடங்கும். சமைத்த உணவை இரண்டு மணிநேரத்துக்கு மேல் அறைவெப்பத்தில் வைக்காதீர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவது இதனாலேயே. அகன்ற தட்டுகளிற் பரப்பினால் விரைவில் ஆறும். பிரித்துச் சிறு கலங்களில் வைத்தால் குளிர் நடுவரை எட்டும்.

சோற்றைப்பற்றி ஒரு வார்த்தை. அரிசியோடு ஒட்டிவரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்திகள் உலை கொதித்தாலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சொன்றை உண்டாக்கும். பின்னர் எவ்வளவு பொரித்தாலும் அந்நஞ்சு அழியாது. 1971 முதல் பிரித்தானியாவிலே, முதல்நாள் ஆக்கிய சோற்றை மறுநாள் பொரித்துக் கொடுத்த சீன உணவகங்களில் உண்டவர் பலர் வாந்தியெடுத்ததை ஆராய்ந்தபொழுது இது தெளிவாயிற்று. சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் நம்பிக்கைக்கு அன்று பெரிய அடி விழுந்தது.

அப்படியாயின் நம்முடைய பழஞ்சோறு எப்படி வாழ்ந்தது? என் அம்மம்மா இரவு உணவு முடிந்து கை கழுவிய கையோடு, எஞ்சிய சோற்றை மண்சட்டியிலிட்டு மூழ்க நீர் ஊற்றுவார். நாளைக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற ஆராய்ச்சி கிடையாது. நீர் சோற்றை ஆற்றிவிடும். புளிப்பை உண்டாக்கும் நல்ல நுண்ணுயிர்கள் இரவிலே பெருகி, பிறவற்றுக்கு இடங்கொடாதவாறு சோற்றைப் புளிக்கச்செய்யும். விடியற்காலையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் தம்பலகாமத்து எருமைத் தயிரும் சேர்த்துப் பிசைந்து எல்லார் கையிலும் உருண்டை வைப்பார். அதன்பின்னும் மிஞ்சியது மாட்டுக்கு. மறுநாள் பழஞ்சோறு என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததேயில்லை. கறிகளிலும் அப்படியே. தேங்காய்ப்பால் விட்ட சொதியை அவர் வைத்ததில்லை, அளந்தே காய்ச்சுவார். பாலில்லாத குழம்புகளை மாலையிலே ஒன்றாக்கிக் கொதிக்கவைத்து வற்றச்செய்வார். அந்தச் சுண்டக்கறியின் சுவைக்காகவே நாங்கள் சிலவேளை பகலிற் குறைவாக உண்டதுண்டு.

இச்சிக்கனத்தை வெறும் குணநலம் என்று புகழ்ந்துவிட முடியாது. அதன் பின்னே பஞ்சத்தின் நிழல் இருந்தது. 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் வீழ்ந்தது; இலங்கைக்கு அரிசி அனுப்பிய பர்மா கைநழுவிற்று. ஏப்பிரல் 9ஆம் நாள் சப்பானிய விமானங்கள் திருகோணமலைமீது குண்டு வீசின. அன்றே 'ஹேமிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கிற்று. அவ்வாண்டில் அரிசிப் பங்கீடு வந்தது. கோதுமை மாவும் பாணும் நம் அடுக்களையிலே நிலையாகக் குடியேறின. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபொழுது நாடே கொதித்தெழுந்தது. ஆகஸ்டு 12ஆம் நாள் நடந்த ஹர்த்தாலின்பின் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசி ஓர் அரசாங்கத்தை அசைக்கவல்ல காலத்திலே வாழ்ந்த பெண்கள் சோற்றை எண்ணிப் பார்த்ததில் வியப்பென்ன?

இனிக் கடற்கரைக்கு வருவோம். இம்மாவட்டத்தின் உண்மையான பள்ளிக்கூடம் அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். தென்பகுதி மீனவரும் இங்கு வந்து வாடி அமைப்பர்; கரைவலைகள் நிறையும். கார்த்திகை, மார்கழி மழையிலோ கடல் சீறும், மீன் அருகும். நிறைந்த மாதங்களின் மீனை வறண்ட மாதங்களுக்குக் கொண்டுசேர்த்த பாலமே கருவாடு. நெய்தல் நிலப் பெண் மீனை உலரவைத்துப் பறவை ஓட்டிய காட்சி நற்றிணையின் 45ஆம் பாட்டிலேயே வருகின்றதாகையால், தொழிலின் பழைமையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. குடலை அகற்றி, கடல்நீரிற் கழுவி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு அளவில் உப்பிட்டு, வெயிலிற் பரப்புவர். இதிலே உப்புக்குச் சிக்கனம் செய்தால் மீன் முழுவதும் பாழ்.

அந்த உண்மையை அரசாங்கம் ஒன்று நெடுங்காலம் உணராதிருந்தது. 19ஆம் நூற்றாண்டிலே சென்னை மாகாணத்தில் உப்புமீது விதிக்கப்பட்ட வரியினால், மீனின் விலையைவிட அதைப் பதனிடும் உப்பின் விலை மிகுந்தது. மீனவர் உப்பைக் குறைத்தனர், உவர்மண்ணையும் பயன்படுத்தினர், அரைகுறையாக அழுகிய கருவாடு ஏழைகளின் சந்தைக்குப் போயிற்று. 1873இல் இந்திய, பர்மியக் கடல்மீன்களைப் பற்றி அறிக்கை எழுதிய பிரான்சிஸ் டே இந்நிலையை எடுத்துக்காட்டினார். பின்னரே அம்மாகாணத்துக் கரையோரங்களில், வரியில்லாத உப்பை வழங்கும் மீன் பதனிடும் முற்றங்கள் ஏற்பட்டன. பாதுகாப்பான உணவு அறிவினால் மட்டும் வருவதன்று. உப்பின் விலையும் அதிலே பங்கு கொள்கின்றது. இன்று உப்பின் இடத்தில் மின்சாரம் இருக்கின்றது, அவ்வளவே.

மீனிலே மூக்கை ஏமாற்றும் ஆபத்து ஒன்றுண்டு. சூரை போன்ற மீன்கள் பிடிபட்டபின் வெயிலிற் கிடந்தால், ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றின் தசையில் உண்டாகும். நாற்றம் இராது, நிறம் மாறாமலும் இருக்கலாம். சமைத்தாலும், உறையவைத்தாலும், கருவாடாக்கினாலும் அது நீங்காது. ஒருமுறை எங்கள் வீட்டில், மலிவாகக் கிடைத்ததென்று நண்பகலில் வாங்கிவந்த சூரையைக் குழம்பு வைத்தோம். உண்டு ஒரு மணிநேரம் ஆகுமுன் எல்லார் முகமும் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்தது. இளையவளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மீன் கெட்டிருக்கவில்லையே, நல்ல மணமாகத்தானே இருந்தது என்று என் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னார். மணம் நன்றாகத்தான் இருந்தது. அந்த மீனின் கதை எங்கள் அடுப்புக்கு வருமுன்னரே, பனிக்கட்டியில்லாத பெட்டியொன்றில் முடிந்துபோயிருந்தது. முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை நான் அன்றோடு கைவிட்டேன்.

மேலே சொன்ன கதைகளையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்பொழுது எனக்குத் தோன்றுவது இது. தேன்பொந்து, கருவாடு, பழஞ்சோறு, சுண்டக்கறி ஆகிய அனைத்திலும் உணவு நன்றாயிருக்கும்பொழுதே அதன் அடுத்த வேளை முடிவாகிவிடுகின்றது. எறிவதா உண்பதா என்ற போராட்டம், முடிவைப் பிற்போட்ட வீட்டிலேதான் எழுகின்றது. குளிர்சாதனப் பெட்டி நமக்குச் செய்த பேருதவியும் பெருந்தீங்கும் இந்தப் பிற்போடுதலே. அதனுள் வைத்துவிட்டாற் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றோம். குளிர் நுண்ணுயிரைக் கொல்வதில்லை. அதன் நடையைத் தளரச்செய்கின்றது. நான்காம் நாள் அச்சட்டியைத் திறந்து, முகர்ந்து, ஐயுற்று, மான் நிற்கும் வாயிலுக்கு அனுப்புகின்றோம்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே, நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபொழுது அந்தப் பெட்டியும் வெறும் அலுமாரியாயிற்று. சமைக்க எரிவாயு இல்லை. படகு ஓட்ட மண்ணெண்ணெய் இல்லை. எங்கள் பெட்டியில் இருந்த மீன் இளகத் தொடங்கியபொழுது நாங்கள் மின்சாரம் வரும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். அயல்வீட்டு மூதாட்டி உள்ளே வந்தார். மீன் இன்னும் குளிர்ந்திருக்கின்றதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். "எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, உப்பைக் கொண்டாங்கோ" என்றார். அரைமணிநேரத்தில் மீன் கீறப்பட்டு உப்புக்குள் இருந்தது. மறுநாள் வெயிலிலே காய்ந்தது. அதே வீதியில் அன்று எத்தனையோ பைகள் வாயிலுக்கு வந்தன.

அதன்பின் எங்கள் வீட்டிற் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. அரிசி இப்பொழுது சுண்டால் அளந்தே உலையிலிடப்படுகின்றது. வருவோர் வரலாம் என்னும் கணக்கில் ஒரு சுண்டு கூட்டுவதில்லை, வந்தால் மாப் பிசைந்து புட்டு அவிக்கின்றோம். மீனைக் காலையிலே, பனிக்கட்டியில் வைத்திருப்பவரிடம் மட்டும் வாங்குகின்றோம். இரவு உணவுக்குப் பின் சட்டிகள் திறக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அப்பொழுதே வழி சொல்லப்படுகின்றது: இது நாளைக் காலைக்கு, இது வற்றவைக்க, இது நாய்க்கு. பெட்டிக்குள் போகும் கலத்தின்மேல் நாளைக் குறித்த காகிதத் துண்டு ஒட்டப்படுகின்றது. நாள் கடந்ததைப்பற்றி வழக்காடுவதில்லை. என் சிக்கனப் புத்தி அவ்வப்போது வாய்திறந்தாலும் இளையவள் அதைக் கேட்பதில்லை.

நேற்று மாலையும் மானொன்று எங்கள் வாயிலில் வந்து நின்றது. மூடியிட்ட வாளியை மூக்கினால் தள்ளிற்று. உள்ளே மீன் முள்ளும் முட்டைக் கோதும்தான் இருந்தன. சற்றே நின்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டை நோக்கி நடந்தது.